மருந்துக்காரர் போட்ட கத்திரி

கடப்பாரையின் நுனி மண்ணுக்குள் கிடந்த கல்லில் மோதி ஒரு பொறி தெறித்தது. சின்னச்சாமி கடப்பாரையை அப்படியே போட்டுவிட்டுப் பின்னால் ஓடிப்போய் வேலியோரம் நின்றார்.

சீமைக் கருவேலத்தின் தூரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த மகள் மாரிசெல்வி, சிரிப்பை அடக்க முடியாமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யப்பா, இது நம்ம வீட்டுக் கொல்லை. இங்கன வெடிக்கதுக்கு என்ன இருக்கு?"

"கல்லுல இரும்பு பட்டா கால் தானா ஓடுது தாயி. நான் என்ன செய்யட்டும்?" அவரும் சிரித்துக்கொண்டே வந்து கடப்பாரையை எடுத்தார். ஆனால் அடுத்த குத்தைக் கல்லுக்கு வெகு தூரம் தள்ளித்தான் குத்தினார்.

பட்டாசுக் கம்பெனியில் அவருக்கு மருந்து கலக்குகிற வேலை. அந்த அறைக்குள் இரும்புச் சாமான் போகக்கூடாது, செருப்பும் கூடாது. தீபாவளி முடிந்து மழையும் பிடித்துக்கொண்டதால் கம்பெனியைச் சாத்தியிருந்தார்கள். தாயில்பட்டியில் பாதி ஊர் வீட்டில் இருந்தது. கவர்மெண்டு கொடுத்த புது டி.வி. வீட்டுக்கு வீடு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், இவர்கள் மட்டும் வீட்டுக்குப் பின்னால் முள் அடைந்து கிடந்த நாலு சென்ட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அதற்குக் காரணம் அவர் மனைவி சோலையம்மாளின் மூச்சு. திரி வெட்டுகிற அறையிலேயே அவளுக்கு வயது ஏறியிருந்தது. இரண்டு மழைக்காலமாக இளைப்பு விடவில்லை. இனி பவுடர் பக்கமே போகக்கூடாது என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துவிட்டு சின்னச்சாமிதான் பேச்சை எடுத்தார்.

"உன் கூலியில பாதி காய்கறிக்காரன் சைக்கிளுக்குத்தான போகுது? அதை நாமளே போட்டுக்கிடுவோம். மிச்சத்தை நாலு வீட்டுக்கு விப்போம். நீ எதுக்குக் கம்பெனி வேன் ஏறணும்?"

"காய்ச்சாத்தான?"

"காய்க்கும்."

"காய்க்கலைன்னா பங்குனியில திரும்ப ஏறிருவேன். அப்பம் என்னைய மறிக்கக் கூடாது. சம்மதமா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சம்மதம் என்றார்.

முள்ளை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தபோது, அடுத்த வீட்டு ஞானசுந்தரி வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏ சோலை, பூச்சட்டிப் பட்டாசு போடுதவக வெண்டைக்கா போடப் போறீகளாக்கும்? மறக்காமத் திரி வச்சிருங்க, இல்லாட்டி மொளைக்காது."

"மொதக் காய் உனக்குத்தான்க்கா. இப்பம் அந்த மம்பட்டியக் குடுத்துட்டுப் போ."

கத்திரியும் தக்காளியும் நாற்றுப் பாவி, டி.வி. வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து வெயிலுக்கு மறைப்பாக வைத்தாள் சோலையம்மாள். பாத்தி கட்டி நாற்றை நட்ட சாயங்காலம் மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்து, டீயை ஆறவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விரல் உயரப் பச்சை. அம்புட்டுத்தான். ஆனால் எழுந்து போக யாருக்கும் மனசில்லை.

மார்கழி பாதியில் இலைகள் மஞ்சளாகின. பிறகு ஒவ்வொரு நாற்றாகத் தலை சாய்ந்தது. பூச்சியாக இருக்கும் என்று சோலையம்மாள் சாம்பல் தூவினாள். கண்ணேறு என்று ஞானசுந்தரி சொன்னதற்காகக் கம்பு நட்டுப் பழைய சட்டையும் மாட்டிவைத்தாள். எதற்கும் கேட்கவில்லை. பங்குனியில் ஏற வேண்டிய வேன் அவள் கண்ணுக்குள் வந்து நின்றது.

ஒருநாள் ரேஷன் கடையில் சீனி போடவில்லை என்று உச்சிவெயிலில் பாதியிலேயே திரும்பினாள். கொல்லையில் சின்னச்சாமி குடத்தைச் சாய்த்து, ஒவ்வொரு தூருக்கும் நின்று நிதானமாக ஊற்றிக்கொண்டிருந்தார். அடி பம்பிலிருந்து வீடு வரை தெருவில் தண்ணீர் சிந்திய கோடு காயாமல் கிடந்தது.

"காலையிலதான நான் ஊத்துனேன்?"

"மேல காஞ்சு போச்சு புள்ள."

"நேத்தும் ஊத்துனீகளா?"

அவர் குடத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அவள் குனிந்து ஒரு நாற்றைப் பிடுங்கினாள். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை, கையோடு வந்தது. வேர் கறுத்து அழுகி நாறியது.

"என்னங்க இது? எதுக்கு இப்பிடி ஊத்துதீக?"

சின்னச்சாமி குடத்தைக் கீழே வைத்தார். "கலக்குத ரூம்புல தரை காயவே விடக்கூடாது சோலை. ஈரம் இருந்தாத்தான் சிந்துன மருந்து சும்மா கெடக்கும். காஞ்ச தரையப் பாத்தா எனக்கு நெஞ்சு அடைக்குது. நீ தூங்கும்போதுகூட எந்திரிச்சு வந்து தெளிச்சிருக்கேன்."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இளைப்பாக மாறியது. அவர் ஓடிவந்து முதுகைத் தடவிவிட்டார்.

"கத்திரிக்கா வெடிச்சிரும்னு தண்ணி ஊத்துன ஆளு ஒலகத்துலயே நீக ஒருத்தர்தான்," என்றாள் மூச்சு வந்ததும். "இனிமே குடத்தத் தொடக் கூடாது. வேலி கட்டுங்க, எரு சுமங்க. தண்ணி என் பாடு."

திரும்பவும் வெண்டை விதை வாங்கி ஊன்றி, கத்திரியை வளர்ந்த நாற்றாகவே வாங்கி நட்டார்கள். இந்த முறை தண்ணீர் சோலையம்மாள் கையில். கரிசல் மண் மேலே காய்ந்து கீறல் விடும்போதெல்லாம், சின்னச்சாமி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரப்பில் நடப்பார்.

"கீறிக் கெடக்கே புள்ள."

"உள்ள விரல விட்டுப் பாருங்க."

விட்டுப் பார்ப்பார். குளிர்ச்சியாக இருக்கும். அப்புறம்தான் சாப்பிட வருவார்.

பொங்கல் கழித்துக் கம்பெனி திறந்தது. வெயில் ஏறுவதற்குள் மருந்து கலந்து முடித்துவிட வேண்டும் என்பதால், விடியுமுன் போய் உச்சிக்கு முன்னாலேயே வீடு வந்துவிடுவார். வந்ததும் நேராகக் கொல்லைக்குத்தான். அவரைப் பார்க்கத்தான் வெண்டைப் பூ விரிந்தது என்று மாரிசெல்வி கேலி செய்வாள்.

பங்குனி பிறந்த திங்கட்கிழமை, ஆள் ஏற்றுகிற சீனிச்சாமி வேனை வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தான்.

"யக்கா, பூச்சட்டி ஆர்டர் குமிஞ்சு கெடக்கு. திரி ரூம்புக்கு ஆள் வேணும். உன் சீட்ட யாருக்கும் குடுக்காம வச்சிருக்கேன்."

சோலையம்மாள் கொல்லைப் பக்கமிருந்து வந்தாள். இடுப்பில் ஓலைக் கொட்டான். அதில் வெண்டையும், கறுத்து மினுங்குகிற கத்திரியும்.

"வரலப்பா. சீட்ட வேற யாருக்காவது குடு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இந்தா, வீட்டுக்குக் கொண்டு போ."

வேனுக்குள்ளிருந்து ஞானசுந்தரி கையை நீட்டினாள். "மொதக் காய் எனக்குன்னு சொன்னியே, சண்டாளி!" சோலையம்மாள் அவள் மடியிலும் ஒரு கை அள்ளிப் போட்டாள். வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனபின், வெகுநேரம் வாசலிலேயே நின்று மூச்சை நன்றாக இழுத்து விட்டாள். இளைப்பு இல்லை.

சின்னச்சாமி வந்தபோது கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு கொதித்து இறங்கியிருந்தது. கொல்லைக்குப் போனவர், காய்களைத் தொடாமல் வேலியோரமே நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"ஒண்ணு பறிச்சுப் பாக்க வேண்டியதுதான யப்பா?" என்றாள், பரீட்சைக்குப் படிக்க லீவில் இருந்த மாரிசெல்வி.

"பறிச்சா ஒட்டும்லா தாயி. திங்குத பொருளு." தட்டின் முன் உட்கார்ந்து ஸ்பூனுக்காகத் திரும்பினார். சீசன் வந்துவிட்டால் ஸ்பூனில்தான் சாப்பாடு.

"இன்னைக்கு ஸ்பூனு வேண்டாம்," என்று சோலையம்மாள் அதைத் தள்ளி வைத்தாள். சோற்றில் குழம்பைப் பிசைந்து, ஒரு துண்டுக் கத்திரிக்காயையும் சேர்த்து உருட்டி அவர் வாயருகே கொண்டுபோனாள்.

"புள்ள இருக்குல்லா..."

"நான் பாக்கல," என்று மாரிசெல்வி பாடப்புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள்.

அவர் வாயைத் திறந்தார். மெதுவாக மென்றார். கண்ணை மூடித் தலையை ஆட்டினார். சோலையம்மாள் அடுத்த கவளத்தை உருட்டினாள். வாசல் வழியே விழுந்த வெயிலில், மடியின் மேல் மல்லாந்து கிடந்த அவருடைய கைகள் இரண்டும், எத்தனை சோப்புக்கும் போகாத அலுமினியப் பவுடரில், மணிக்கட்டு வரை வெள்ளியாய் மின்னிக்கொண்டிருந்தன.