தம்பி எந்த மேசையில்?

டைல்ஸ் போடுகிறவனுக்கே டைல்ஸைப் பற்றிப் பாடம் எடுத்தவள் என் மகள்தான். வீட்டிலிருந்த கம்ப்யூட்டர் கிழடு தட்டிப்போய், ஒரு படத்தைத் திறக்கச் சொன்னால்கூட முனகிக்கொண்டே கிடந்தது. புதுசு எதற்கு என்று அதிலேயே எடை குறைந்த ஏதோ ஒரு சாஃப்ட்வேரைப் போட்டுவிட்டாள். இனி திரையில் திறக்கிற ஜன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாதாம். தரையில் டைல்ஸ் பதித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் தானே உட்காருமாம். புதிதாக ஒன்றைத் திறந்தால் பழையது பாதியாகச் சுருங்கி இடம் விடுமாம். மூடுவதற்குப் பெருக்கல் குறி இல்லை, மவுஸுக்கு வேலை இல்லை, எல்லாமே விசைகள்தான். போதாததற்குத் திரைக்குள்ளேயே ஒன்பது மேசை வேறு. ஒரு மேசையில் ஒரு வேலை, விசையைத் தட்டினால் அடுத்த மேசை வந்துவிடும் என்றாள். இருக்கிற ஒரு மேசையையே துடைக்காதவன் நான். தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

முப்பது வருஷமாகத் தரை போடுகிறேன். பக்கத்தில் ஒருத்தன் வந்ததும் தானாகச் சுருங்கி இடம் விட்ட டைல்ஸை நான் பார்த்ததில்லை. மனுஷனே விடுவதில்லை.

அது கிடக்கட்டும். அந்தக் கம்ப்யூட்டரில்தான் அன்று காலை என் தம்பி முகம் காட்டப் போகிறான் என்று மகள் ஏற்பாடு செய்திருந்தாள். நானும் அவனும் பேசி வருஷக்கணக்காகிறது. அப்பா யார் வீட்டில் இருப்பது என்று போனில் வார்த்தை தடித்த அன்று, நான் பேசிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று வைத்துவிட்டான். அண்ணன் என்ற மட்டு மரியாதை வேண்டாமா? நான் திரும்பக் கூப்பிடவில்லை. அவனும் கூப்பிடவில்லை. அப்பா என் வீட்டில்தான் கண்ணை மூடினார். அன்று தம்பி வந்தான், ஒரு மூலையில் நின்றான், போய்விட்டான்.

இப்போது அவனுக்கு முதுகில் ஆபரேஷன். அதற்கு முன்னால் ஒரு தடவை பேசிவிடுங்கள் என்று மகள் என்னையும் நச்சரித்து, அங்கே அவள் சித்தப்பாவையும் நச்சரித்திருக்கிறாள். எல்லாவற்றையும் முதல் மேசையில் தயாராக வைத்து, "எதையும் தொடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

சொன்ன நேரத்துக்கு வந்தான். திரை நிறைய அவன் முகம். தலை மொத்தமும் நரைத்திருந்தது. நெற்றி அப்படியே அப்பா. அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. யார் முதலில் வாயைத் திறப்பது என்று இரண்டு பேருமே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருவேளை அவன் பேசி, எனக்குத்தான் கேட்கவில்லையோ என்று சந்தேகம் வந்தது. சத்தத்தைக் கூட்டலாம் என்று கையை வைத்தேன். சிமெண்டில் ஊறித் தடித்த விரல், ஒரே நேரத்தில் இரண்டு விசையை அமுக்கியது.

தம்பியைக் காணோம்.

வெறும் கறுப்பு. மேலே மெல்லிய பட்டையில் ஒன்று, மூன்று என்று இரண்டு எண்கள். ஏதோ கணக்கு என்று நினைத்தேன். அவனைத் திரும்பக் கொண்டுவர இதைத் தட்டினேன், அதைத் தட்டினேன். கோடு மினுக்குகிற கறுப்புப் பெட்டி ஒன்று திரை நிறைய வந்தது. மறுபடி தட்டினேன், அது பாதியாகி இரண்டானது. இன்னொரு தடவை தட்ட, மூன்று. எதை மூடுவது, எப்படி மூடுவது, ஒன்றும் புரியவில்லை. கடைசியில் திரை முழுக்கக் குட்டிக் குட்டிக் கறுப்புக் கட்டங்கள், எல்லாவற்றிலும் மினுக்கல். இவ்வளவு கேவலமாக நான் ஒரு பாத்ரூம் சுவர்கூடப் போட்டதில்லை. கேமராவின் பச்சை விளக்கு மட்டும் என்னையே பார்த்து எரிந்துகொண்டிருந்தது. அதையும் அணைக்கத் தெரியவில்லை.

என் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என்ன ஆச்சு என்றாள்.

"வெச்சிட்டான்."

ஒரு வார்த்தை பேசுவதற்குள்ளா என்று கேட்டாள். நீங்கள்தான் எதையாவது அமுக்கியிருப்பீர்கள் என்றும் சொன்னாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அவனுக்கு வைப்பது ஒன்றும் புதிதில்லை, என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அவன் ரத்தத்திலேயே திமிர் என்று கத்தினேன். அதே ரத்தம்தானே உங்களுக்கும் என்றாள் அவள். அதற்குமேல் கத்த முடியவில்லை.

"விடியக்காலையிலயே ஷேவ் பண்ணிட்டு உட்கார்ந்திருந்தேன்டி," என்றேன். "முதுகு ரொம்ப வலிக்குதாடான்னு கேக்கணும்னு இருந்தேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கத் தோணல. அப்பா மாதிரியே ஆயிட்டான் பார்க்க. அவனுக்கு ஏதாவது ஆயிட்டா நான் யார்கிட்டடி போய்ச் சண்டை போடுவேன்?"

"வலிக்குதுண்ணா."

நான் வாசலைத் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. மேசைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தேன். மறுபடி குரல் வந்தது, ஸ்பீக்கரிலிருந்து.

"நான் வைக்கலண்ணா. இங்கேயேதான் இருக்கேன். நீ தெரியுற, அண்ணி தெரியுறாங்க, எல்லாம் கேட்டுச்சு."

கறுப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். எதிலும் அவன் இல்லை. "எங்கடா இருக்க?" என்றேன்.

"உன் கம்ப்யூட்டர்ல நான் எங்க இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

என் மனைவி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை.

"அன்னைக்கும் நான் வைக்கலண்ணா. பேசிட்டிருக்கும்போது லைன் போயிடுச்சு. நீதான் வெச்சிட்டன்னு நினைச்சேன். கோபம் ஆறினா நீயே கூப்பிடுவன்னு இருந்தேன்."

அப்பாவைத் தூக்கிய அன்று அவன் மூலையில் நின்றது ஞாபகம் வந்தது. அன்றும் நான் கூப்பிடுவேன் என்றுதான் நின்றிருப்பான்.

என் மனைவி இதற்குள் மேலே இருந்த எண்களைப் பார்த்துவிட்டாள். இது மகள் சொன்ன மேசை நம்பர்தானே, முதல் மேசையில்தான் இருப்பார், ஒன்றாம் எண்ணைத் தட்டினால் வந்துவிடுவார் என்று விசைப்பக்கம் கையை நீட்டினாள். நான் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"தொடாத," என்றேன். "முகத்தை அப்புறம் பார்த்துக்கலாம். அவன் பேசட்டும்."