மூடியைத் தூக்கினால்தான் பேச்சு

இந்தக் காலத்து மனிதர்களுக்கு எதைப் பார்த்தாலும் மூடத் தோன்றுகிறது. போனுக்கு ஓர் உறை, போனின் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி, டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் சட்டை. சோபா வாங்கிப் பத்து வருடமாகியும், கடைக்காரன் சுற்றிக் கொடுத்த தாளைக்கூடக் கிழிக்காமல் அதன் மேலேயே சரசரவென்று உட்காருகிற ஜனங்கள் இருக்கிறார்கள். மூட வேண்டிய வாயை மட்டும் ஒருத்தனும் மூடுவதில்லை. மரம் கடைகிற கடைசல் பட்டறையில் எல்லோரும் கறார் என்று கூப்பிடுகிற பெரியவரின் கட்சி இது.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒரு கட்டிலுக்கு நாலு கால் கடைந்தால், நாலும் நூல் பிசகாமல் இருக்க வேண்டும் என்று நிற்பார். யாரையும் நம்ப மாட்டார். டீக்காரன் நீட்டுகிற தம்ளரைக்கூட வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார்.

அப்படிப்பட்டவரிடம் முதலாளியம்மா ஒரு திங்கட்கிழமை காலை அட்டைப்பெட்டியோடு வந்தாள். அப்பா போன பிறகு பட்டறையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இதே பட்டறையின் மரச்சீவலில் தவழ்ந்து வளர்ந்தவள் என்பதால் கறார் அவளை இன்னும் நீ என்றுதான் சொல்வார். பெட்டிக்குள் ஆளுக்கொரு முகமூடி இருந்தது. நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை, அதிலிருந்து தாடை வரைக்கும் இறங்கும் கெட்டியான கண்ணாடித் தகடு. தூசிக்காக மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்ட ஒரு துணி வேறு. ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு பட்டறையில் சுற்றிக்கொண்டிருந்த கட்டை உடைந்து ஒருத்தனுக்குக் கண் போய்விட்டதாம். இன்றைக்கு முதல் மூடி போடாதவன் லேத்து சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்றாள்.

கறார் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே பெட்டியில் திரும்பப் போட்டார்.

"பெரியவரே, கண்ணு போனா நான் எந்தக் கடையில வாங்கித் தர்றது?" என்று கேட்டாள்.

"நாப்பது வருஷமா இருந்த எடத்துலதான் இருக்கு. நீ பொறக்குறதுக்கு முந்தியே இருக்கு."

அவள் சிரித்தாள், ஆனால் விடவில்லை. அன்றைக்கு அதை மாட்டிப் பார்த்துவிட்டு அவர் அடுக்கிய காரணங்கள் ஒரு வண்டி. மூச்சு விட்டால் தகடு மங்குகிறது, வேர்வை கண்ணில் இறங்குகிறது, உளி எங்கே கடிக்கிறது என்று தெரியவில்லை, மரத்தின் சத்தம் காதுக்கு வேறு மாதிரி வருகிறது என்றெல்லாம் சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது எதுவுமே காரணம் இல்லை.

காரணம் எதிர் லேத்தில் நின்றது. அங்கே வேலை செய்வது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. இருபத்தெட்டு வருடமாக இருவரும் எதிரெதிராக நின்று கடைகிறார்கள். ஆறு லேத்து ஒன்றாக ஓடுகிற இடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் ஏறாது. அதனால் அந்த இரண்டு பேருக்கும் சத்தமில்லாத ஒரு பேச்சு வந்திருந்தது. உதடு அசைந்தால் போதும். புருவம் ஏறினால் டீ வருகிறது. கன்னம் உப்பினால் மேஸ்திரி வருகிறார். நாக்கு இடது கன்னத்தில் முட்டினால் மேஸ்திரி நல்ல மனநிலையில் இல்லை. மீதியெல்லாம் உதட்டில்தான். குழாயில் தண்ணீர் வராதது, மாடி வீட்டுக்காரன் செருப்பைக் கழற்றாமல் நடப்பது, மச்சானின் சம்பந்தி பேசுகிற பெருமை எல்லாமே இரண்டு லேத்துக்கும் நடுவே வாய் திறந்து மூடிப் பேசித் தீர்த்த கதைகள்.

அவருக்கு நாளின் பேச்சு அவ்வளவுதான். மனைவி போய் நாலு வருடம் ஆகிறது. மகன் வேறு ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று இரண்டு கேள்வி கேட்டு வைத்துவிடுவான். வீட்டில் அவரோடு வாய் விட்டுப் பேசுவது குக்கர் மட்டும்தான், அதுவும் மூன்று விசிலோடு சரி. போனவளைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே வாய் அவள் தம்பியுடையது. அந்த வாயும் அவள் வாய் மாதிரியே இருந்தது. மேலுதடு நடுவில் லேசாகத் தூக்கியிருக்கும், எதையோ சொல்ல வந்து நிறுத்தியது போல. கறார் அதை எவரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

மூடி வந்த நாளிலிருந்து அந்த வாய் காணாமல் போனது. மச்சான், சொன்ன பேச்சைக் கேட்கிற ரகம். அதோடு அவன் மனைவி மூடி போடாமல் லேத்தைத் தொடமாட்டேன் என்று பேரப்பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். துணியைக் கட்டி, தகட்டை இறக்கி, காலையிலேயே அவன் விண்வெளிக்குப் போகிறவன் மாதிரி ஆகிவிடுவான். கறார் தலைநிமிர்ந்து பார்த்தால் தகட்டில் ஜன்னல்தான் தெரிந்தது. கம்பியோடு, சிலந்திக் கூட்டோடு, முழு ஜன்னல்.

டீ நேரத்தில் பேசலாமே என்று கேட்கலாம். பேசிப் பார்த்தார்கள். சத்தத்திலேயே பழகிய பேச்சு, சத்தம் நின்றதும் கூச்சப்பட்டது. பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அப்புறம் மாமா," என்பான் மச்சான். "அப்புறம் என்ன," என்பார் இவர். அதற்குப் பிறகு இருவரும் தம்ளரைப் பார்ப்பார்கள். அதற்குள் பேத்தியிடமிருந்து அவனுக்குப் போன் வந்துவிடும்.

பத்து நாள் பொறுத்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். துணியைக் கழுத்தில் இறக்கிவிட்டு, மூடியைத் தொப்பி மாதிரி உச்சந்தலைக்கு ஏற்றி வைத்துக்கொண்டார். முதலாளியம்மா வாசலில் தெரிந்தால் இறக்கிக்கொள்ளலாம். ஸ்பேனரை எடுத்து லேத்தின் இரும்பில் மூன்று தட்டு தட்டினார். இரும்பும் இரும்பும் மோதினால் அந்த இரைச்சலிலும் கேட்கும். மச்சான் நிமிர்ந்தான். இவர் விரலை மேல்நோக்கி ஆட்டினார். மச்சான் அங்கே இங்கே பார்த்தான், லேத்தை நிறுத்தினான், தகட்டைத் தூக்கி, துணியை இறக்கி, என்ன மாமா என்று வாயசைத்தான். ஒன்றும் இல்லை. உன் சம்பந்தி பெருமையடித்த காரை வாங்கிவிட்டாரா என்று கேட்டார். மச்சான் சிரித்தான். அந்த உதடு தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மூன்று தட்டு விழுந்தது. அக்கா புருஷன் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்க மச்சானுக்குத் தெரியாது. ஆரம்பத்தில் லேத்தை நிறுத்திவிட்டுத்தான் தூக்கினான். போகப் போக, ஒரு நொடிப் பேச்சுக்கு எதற்கு நிறுத்துவது என்று ஓடவிட்டே தூக்கினான். கறாரும் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டும் மறுபடி தட்டினார்.

அந்தப் புதன்கிழமை மச்சான் பெரிய சாடி ஒன்று கடைந்துகொண்டிருந்தான். ஒரே கட்டையில் அந்தப் பருமன் கிடைக்காது என்று எட்டுத் துண்டுகளைப் பசையால் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். கறார் கட்டில் கால் கடைந்துகொண்டிருந்தார். அப்போது டீ வந்தது. மேஸ்திரி முகமூடியைக் கழற்றாமலே தம்ளரை வாங்கினார். யோசிக்காமல் வாய்க்குக் கொண்டுபோனார். தம்ளர் டங்கென்று தகட்டில் மோதி, அரை டீ தகட்டில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. மேஸ்திரி சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் தகட்டின் மேலேயே வாயைத் துடைத்துக்கொண்டார்.

இதைத் தனியாகப் பார்த்துச் சிரிப்பது எப்படி? கறார் ஸ்பேனரை எடுத்தார். மூன்று தட்டு.

மச்சான் நிமிர்ந்தான். இவர் மேஸ்திரி பக்கம் தாடையைக் காட்டினார். மச்சானுக்குப் புரியவில்லை. லேத்து ஓடிக்கொண்டிருக்க, இடது கையால் தகட்டை ஏற்றிவிட்டு, என்ன என்று கேட்பதற்காகக் கொஞ்சம் குனிந்தான். சுற்றுகிற கட்டைக்கு நேராக முகம் வந்தது. கறார் அந்த உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டையின் சத்தம் மாறியதை அவர் கேட்கவில்லை. நாற்பது வருடத்தில் அவர் கேட்காமல் விட்ட ஒரே சத்தம் அதுதான்.

சாடி இரண்டாகப் பிளந்து ஒரு பாதி மச்சானின் புருவத்தில் அடித்தது.

அவர்தான் ஓடிப்போய் அவன் லேத்தின் சுவிட்சை அணைத்தார். யாரோ துண்டை அழுத்தினார்கள். முதலாளியம்மா காரை வாசலுக்கே கொண்டுவந்தாள். காரில் இடமில்லை என்று கறாரை விட்டுவிட்டுப் போனார்கள். அவர் தரையில் கிடந்த இரண்டு பாதியையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பிளந்த இடம் பளபளவென்று இருந்தது. பசை காயவில்லை. ஒட்டியவனைப் பற்றி அன்றைக்கு முழுக்க வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். அவர் சொன்னது நியாயம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

புருவத்தில் ஒன்பது தையல், கன்னத்து எலும்பில் கீறல். அரை விரல் கீழே இறங்கியிருந்தால் கண் இல்லை என்றாராம் டாக்டர். போட்டிருந்த மூடியை ஏன் தூக்கினாய் என்று எல்லோரும் கேட்டபோது, வேர்வை துடைக்க என்று மச்சான் சொன்னதாக மேஸ்திரி வந்து சொன்னார். வேர்வையாம். கறார் அதைக் கேட்டுக்கொண்டு உளியைத் தீட்டப் போனார். எதற்காக மறைக்கிறான்? நாளைக்குச் சொல்லிக் காட்டவா, இல்லை மனைவிக்குப் பயந்தா? மனது ஒரு பக்கம் அப்படி ஓடியது. இன்னொரு பக்கம் எங்கே ஓடியது என்று அவர் பின்னாலேயே போய்ப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் எதிர் லேத்து சும்மா நின்றது. நாலாவது வாரம் மச்சான் வருவான் என்று சொல்லிக்கொண்டார்கள். வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகனின் போன் வருகிற நேரத்தில் கறார் சட்டையை மாட்டிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனார்.

மச்சானின் மனைவி கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே," என்றாள். முகத்தில் கோபம் இல்லை. அதுவே அவருக்கு உறுத்தியது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மாப்பிள்ளை மின்சாமான் கடை வைத்திருக்கிறார், கல்லாவில் நம்பிக்கையான ஆள் வேண்டுமாம், இவரும் சரி என்றுவிட்டார் என்று சொல்லிவிட்டு, காபி போட உள்ளே போனாள்.

மச்சான் புருவத் தழும்பைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டிவி ஓடியது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"கல்லாவுல ஒக்காந்து பல்பு விக்கப் போறியா?" என்றார் கறார் கடைசியில். "ஒனக்கு உளி புடிக்கிற கையி மச்சான். அந்தப் பசை போட்டவனை வேலைய விட்டே அனுப்பியாச்சு. இனிமே ஒட்டுக்கட்டை நான் பாத்துட்டுத்தான் லேத்துல ஏறும். வேற என்ன பயம் ஒனக்கு?"

"பயம்லாம் இல்ல மாமா."

"மூடிய போட்டுக்கோயேன். நான் வேணாம்னா சொன்னேன்?"

மச்சான் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மூடி போட்டுக்குவேன். ஆனா நீங்க தட்டுனீங்கன்னா நான் தூக்கிருவேன் மாமா. என்னால தூக்காம இருக்க முடியாது. அதான் வரல."

கறாருக்குப் பதில் இருந்தது. இனிமேல் தட்ட மாட்டேன் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மச்சான் திங்கட்கிழமை வந்துவிடுவான், எதிரில் நிற்பான், தகட்டில் ஜன்னல் தெரியும். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். ஆனால் தட்டாமல் இருப்போம் என்று தன்னையே நம்ப முடியவில்லை. யாரையும் நம்பாத மனிதர், அந்தக் கணக்கில் தன்னை மட்டும் எப்படி விட்டுவிடுவார்? காபி வந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமலே குடித்துவிட்டு, "வரேன்ம்மா," என்று எழுந்தார்.

மறுநாள் துணியைக் கட்டி, தகட்டைத் தாடை வரைக்கும் இறக்கி வேலையை ஆரம்பித்தார். மேஸ்திரி இரண்டு முறை வந்து உற்றுப் பார்த்துவிட்டுப் போனார். தகடு மங்கத்தான் செய்தது, வேர்வை இறங்கத்தான் செய்தது. அவர் தூக்கவில்லை. தூக்கி யாரைப் பார்ப்பது?

மழைக்காலம் முடிகிற சமயத்தில் முதலாளியம்மா இரண்டு புது ஆட்களைக் கூட்டிவந்தாள். மரவேலையில் அடிபட்டுப் பழகிய நடுவயதுக்காரர்கள். மூடியைப் பார்த்ததும் இருவரும் ஒரே மாதிரி உதட்டைப் பிதுக்கினார்கள். அவள் அவர்களைக் கறாரின் லேத்துக்குக் கொண்டுவந்து, அவரைச் சுவிட்சை அணைக்கச் சொன்னாள்.

"இவரப் பாருங்க. நாப்பது வருஷம் கடைஞ்சவரு. இவரே போடுறாரு. மொதல்ல என்னைய என்ன பாடு படுத்துனாரு தெரியுமா? கண்ணால பாத்த பிறகு மாறிட்டாரு. ஏன் போடணும்னு நீங்களே சொல்லுங்க பெரியவரே."

கறார் தகட்டைத் தூக்கி, துணியைக் கழுத்துக்கு இறக்கினார். நெற்றியில் பட்டை பதிந்த கோடு சிவந்திருந்தது.

"பசை காஞ்சிருந்தா கட்டை பொளக்காது," என்றார். "கட்டை பொளக்கலைன்னா இதுக்கு இங்க வேலையே இல்ல."

புது ஆட்களில் ஒருத்தன் சிரித்தான். முதலாளியம்மா அவனைப் பார்த்து, அவர் அப்படித்தான் பேசுவார், வாய்தான் கறார், செய்கிறது எல்லாம் சரியாகச் செய்வார் என்றாள். இரண்டாமவன் தகட்டை மாட்டிப் பார்த்துவிட்டு, இது ஒன்றும் பெரிய தொந்தரவாகத் தெரியவில்லையே, இதற்கா பெரியவர் அத்தனை பாடு படுத்தினார் என்று மரியாதையாகவே கேட்டான்.

கறார் அவனைப் பார்த்தார். பிறகு அவனோடு வந்தவனைப் பார்த்தார். இருவரையும் எதிரெதிர் லேத்தில்தான் நிறுத்தப் போகிறார்கள். டீ வருவதற்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. முதலாளியம்மா தகடு எவ்வளவு அடியைத் தாங்கும் என்று விளக்க ஆரம்பித்தபோது, அவர் மரச்சீவலை மிதித்துக்கொண்டு கதவைத் தாண்டி வெளியே போனார். மாறிட்டாராம். யார் மாறியது?