கையை எடுக்காத நாத்தனார்

எங்கள் தையல் கடையில் நான் திட்டாத ஒரே ஜீவன் மேனேஜர்தான். அது நாய். வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரை ஏற இறங்கப் பார்க்கும், ஒரு வேலையும் செய்யாது. அதனால் அந்தப் பெயர். என்னோடு கடையில் பட்டன் வைக்கும் என் நாத்தனாருக்கு அதைக் கண்டாலே குலைநடுக்கம். அது கொட்டாவி விட்டால் இவள் ஸ்டூல் மேல் ஏறிவிடுவாள். ரத்தம் என்றால் கேட்கவே வேண்டாம். விரலில் ஊசி குத்தினால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் துடைப்பாள்.

அன்று மத்தியானம் பக்கத்துக் கண்ணாடிக் கடையில் வண்டியிலிருந்து இறக்கிய பெரிய கண்ணாடி ஒன்று கைநழுவி, எங்கள் வாசல் வரை தெறித்து நொறுங்கியது. மேனேஜர் அலறிக்கொண்டு உள்ளே ஓடி வந்தது. முன்னங்காலில் பிளந்த காயம். ரத்தம் விட்டு விட்டுப் பீறிட்டது.

கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரைத் தட்டித் தரையில் வைத்தேன்.

"சுத்தமான துணியை மடிச்சு காயத்து மேல வச்சு நல்லா அழுத்துங்க. எடுக்கவே கூடாது. நனைஞ்சா அது மேலயே இன்னொன்னு வைங்க. முதல்ல வாயைக் கட்டுங்க, வலியில கடிச்சிடும்."

"என் மேனேஜரா? என்னைக் கடிக்கவே மாட்டான் டாக்டர்!"

சொல்லி வாய் மூடவில்லை, மணிக்கட்டில் பல் பதிந்தது.

அதுகூடப் பரவாயில்லை. என் கைப்பழக்கம்தான் காரியத்தைக் கெடுத்தது. நாலு தையல் போட்டதும் துணியைத் தூக்கி அடிப்பக்கம் பார்க்காவிட்டால் எனக்கு மனசு ஆறாது. அழுத்துவேன், தூக்கிப் பார்ப்பேன், நிற்கப்போன ரத்தம் மறுபடி கிளம்பும். "தூக்கிப் பாத்தேன், இன்னும் வருது டாக்டர்," என்று நான் சொல்லச் சொல்ல, "தூக்காதீங்கம்மா!" என்று டாக்டர் போனில் கத்துகிறார். மண்டைக்குப் புரிகிறது, கை கேட்க மாட்டேன் என்கிறது. மேனேஜரின் தலை துவண்டு தரையில் சாய்ந்தது. போய்விடப்போகிறது என்று அழ ஆரம்பித்துவிட்டேன்.

"தள்ளுங்க அண்ணி."

நாத்தனார் ஸ்டூலை விட்டு இறங்கி வந்திருந்தாள். கையில் பாவாடை நாடா. "வாயை எப்படிக் கட்டணும் டாக்டர்?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.

"மூக்கைச் சுத்தி ஒரு சுத்து," என்றார் டாக்டர். "தாடைக்குக் கீழ குறுக்கால போட்டு, காதுக்குப் பின்னால கட்டுங்க. மூச்சு விட இடம் இருக்கட்டும்."

அப்படியே கட்டினாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மடித்த துணியின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினாள்.

"பாத்தாதானே தூக்கத் தோணும்? நான் பாக்கவே போறதில்ல. நனைஞ்சிருந்தா நீங்க சொல்லுங்க."

"நனைஞ்சிருக்குடி."

"இன்னொன்னு வைங்க."

அவள் விரலுக்கடியில் செருகினேன். கண்ணாடிக் கடைக்காரர் பதறிப்போய்த் தன் வண்டியைக் கொண்டுவந்தார். அவரும் நானும் நாயை இஸ்திரிப் பலகையில் கிடத்தித் தூக்கினோம். இவள் கண்ணைத் திறக்காமலே கூட நடந்தாள். "படி வந்தா சொல்லுங்க அண்ணி," என்றாள். சொன்னேன். வழியெல்லாம், "மேனேஜர் சார், போயிடாதீங்க சார்," என்று கெஞ்சிக்கொண்டே வந்தாள். கடைக்காரர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எல்லாம் தயாராக வைத்திருந்தார். "இனி கையை எடுக்கலாம்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "அண்ணி சொல்லட்டும்."

"எடும்மா," என்றேன்.

எடுக்க வரவில்லை. விரல்கள் மரத்து, மடங்கியபடியே நின்றுவிட்டன. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். டாக்டர் காயத்தைச் சுற்றிப் பார்த்து, "ரத்தம் நின்னுடுச்சு. பொழச்சுக்கும்," என்றார்.

"இருக்கானா அண்ணி?" இன்னும் கண்ணைத் திறக்கவில்லை அவள்.

"இருக்கான்டி. உன்னாலதான் இருக்கான்."

அந்த ரத்தக் கைகளை அப்படியே எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி அழுதேன்.