பாதி மந்திரித்த கார்

அன்று கொடைக்கானலில் கோயில் முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்: மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் மானேஜராக இருந்து ஓய்வுபெற்ற அருளப்பன், அவர் மனைவி கித்தேரியம்மாள், அவளுடைய அண்ணன் பாலசமுத்திரத்து செபாஸ்டின், பஸ் ஸ்டாண்டில் டாக்சி ஓட்டிய காசிநாதன், பங்குச் சாமியார், தீர்த்தச் செம்பு ஏந்திய உபதேசியார் உபகாரம், மதுரையிலிருந்து புதுக் காரைக் கொண்டுவந்த டிரைவர் குழந்தைவேல். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே நின்றதாகப் பிற்பாடு சொல்லித் திரிந்தவர்கள் ஒருவரும் நிற்கவில்லை.

1980, ஆவணி மாதம். மூடுபனி ஏரிப்பக்கமிருந்து ஏறி வந்து, கோயில் கோபுரத்தின் பாதியை மறைத்திருந்தது. கித்தேரியம்மாள் காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். புதுக் காரைத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது உள்ளே ஆள் இருப்பது வழக்கமில்லை. ஆனால் இடுப்பு முறிந்து கூடியவளை ஈரத்தில் நிற்கவைக்கச் சாமியாருக்கே மனம் வரவில்லை. அவள் மடியில் ஒரு கூடை பேரிக்காய். மந்திரிப்பு முடிந்ததும் நேரே பாலசமுத்திரம். அங்கே அவள் அக்கா அடைக்கலமேரி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கண் மூடுமுன் தங்கச்சியைப் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னதைச் சொல்லத்தான் செபாஸ்டின் முந்தின நாள் பஸ் ஏறி வந்திருந்தான்.

இடுப்பு முறிந்ததிலிருந்து கித்தேரியம்மாளால் மலைப்பாதையில் பஸ்ஸில் போக முடியாது. குலுக்கலில் உயிர் போய்விடும். காசிநாதன் எத்தனையோ தடவை தன் டாக்சியைத் தருகிறேன் என்றான். அருளப்பன் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வந்த வாடகைக் கார் பழனி அடிவாரத்தில் நின்றுபோய், பெண்வீட்டார் வந்து தள்ளினார்கள். அப்போது இளவட்டமாக இருந்த செபாஸ்டின் வைத்த பெயர் "வாடகைக்கார் மாப்ளே." அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள். பெயர் சாகவில்லை. சொந்தக் காரில்தான் இனி உன் பிறந்த வீட்டு வாசலில் உன்னை இறக்குவேன் என்று அருளப்பன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

வாக்குக் கொடுத்து, காருக்கு முன்பணம் கட்டிப் பதிந்து ஏழு வருடமாயிற்று. பூண்டியிலிருந்த பூண்டுத் தோட்டத்தில் பாதி அதற்காகப் போனது. மதுரை சேனாதிபதி மோட்டார்ஸில் மானேஜர் சுவாமிநாதன் ஒவ்வொரு தடவையும் நாற்காலி போட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்து, "கம்பெனில இருந்து அலாட்மென்ட் வரலீங்களே" என்று கையை விரித்தார். ஒரு தடவை, மேலே கொஞ்சம் கொடுத்தால் அடுத்த வாரமே வண்டி என்று ஒருவர் வாசலில் வைத்துக் காதைக் கடித்தார். அருளப்பன் குடையை ஊன்றி நின்று, "வரிசைல வர்றது போதும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். வெள்ளைக் கார் கேட்டிருந்தார். வந்தது சந்தன நிறம். கேட்காத சீட் உறையையும் ஹாரனையும் சேர்த்துத் தலையில் கட்டியிருந்தார்கள். அதற்கும் வாய் திறக்கவில்லை. கார் வந்ததே பெரிதென்று இருந்தது.

சாமியார் ஜெபம் சொல்லி பானெட்டில் தீர்த்தம் தெளித்தார். கித்தேரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். சரிந்த கூடையை நிமிர்த்தச் சீட்டின் இடுக்கில் கையை ஊன்றினாள். விரலில் ஏதோ குத்தியது. எடுத்துப் பார்த்தாள். உடைந்த கண்ணாடி வளையல் துண்டு, பச்சை நிறம். ஒரு குழந்தையின் கைக்குத்தான் பொருந்தும். அதோடு காய்ந்து சருகான மல்லிகைப் பூ இரண்டு.

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த சீட்டில் யாரோ உட்கார்ந்து பழகியிருக்கிறார்கள். ஒரு குழந்தை விளையாடியிருக்கிறது. தலை நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். வருடத்தில் இரண்டு நாள் மட்டும் வெளியே வரும் கறுப்புக் கோட்டைப் போட்டு, முதுகை வளைக்காமல் நின்றுகொண்டிருந்தார். கித்தேரியம்மாள் வளையல் துண்டை உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிக்கொண்டாள். அக்காளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு எதுவானாலும் ஆகட்டும். அதுவரை தெரியவேண்டாம். மாதாவே, அதுவரை.

சாமியார் நான்கு கதவுக்கும் தெளித்துவிட்டுப் பின்னால் வந்தார். "டிக்கியையும் தெறங்க."

குழந்தைவேல் தயங்கினான். "அதுக்குள்ள ஒண்ணும் இல்லீங்க சாமி."

"ஒண்ணும் இல்லேன்னா தெறக்குறதுக்கு என்னலே தயக்கம்?" என்றான் செபாஸ்டின், சிரித்துக்கொண்டே.

டிக்கி திறந்தது. ஸ்டெப்னி டயருக்கு அடியிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் உருண்டு வந்தது. காய்ந்து பாக்காகிச் சுருங்கிய பழம், மேலே குங்குமம். அருளப்பன் அது தரையில் விழுமுன் பிடித்தார். பிறகு குனிந்து உள்ளே பார்த்தார். ஓடிவந்த நான்கு சக்கரமும் புதிது. ஸ்டெப்னி மட்டும் வரி தேய்ந்து மொட்டையாக, இரண்டு இடத்தில் ஒட்டுப்போட்டிருந்தது.

செபாஸ்டின்தான் எட்டிப் பார்த்தான். "என்ன மாப்ளே, புதுப் பொண்ணுக்குப் பல்லு விழுந்து கெடக்கு!"

"எத்தன மாசம் ஓடுன வண்டி?" என்று அருளப்பன் டிரைவரைக் கேட்டார். குரல் உயரவில்லை.

"ஐயா, நான் சம்பளத்துக்கு ஓட்டுறவன்."

"அதத்தான் கேக்கேன். ஓட்டுறவனுக்குத் தெரியும்."

குழந்தைவேல் தலையைக் குனிந்துகொண்டான். "மொதலாளி மகன் வீட்டுல வச்சிருந்தாகய்யா. பேரு மட்டும் ஒங்க பேருல. பழனிக்குக் கொண்டுபோயி பூஜை போட்டதுங்கூட அவுகதான். போன வாரந்தான் தொடச்சுக் குடுத்தாக."

அலாட்மென்ட் வரவில்லை என்று கடைசிச் சில தடவை கையை விரித்தபோதெல்லாம் இந்தக் கார் மதுரையில் ஓடிக்கொண்டிருந்தது. அது எல்லோருக்கும் புரிந்தது. சாமியார் தெளிக்கும் கையை இறக்கிக்கொண்டார். அருளப்பன் டிக்கியை மெதுவாக மூடினார்.

"கொண்டு போ. நான் புதுக் காருக்குப் பதிஞ்சேன்னு சொல்லு."

கித்தேரியம்மாள் காரைவிட்டு இறங்கவில்லை. "போகட்டும்ங்க," என்றாள். "ஓடுற வண்டிதான. இன்னிக்கி ஒரு நாளு போய்ட்டு வந்துருவோம். அக்கா காத்துக்கிட்டு இருப்பா."

அருளப்பன் அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில் ஒரு கணம் இளக்கம் வந்ததை அவள் பார்த்தாள். காசிநாதனும் அதைப் பார்த்திருக்க வேண்டும். அவன் முன்னால் வந்தான். "மானேஜரய்யா, இந்த வண்டி தொலையட்டும். என் வண்டி வாசல்ல நிக்குது. தங்கச்சிய ஏத்துங்க. வெரசா போனா பொழுதுக்குள்ள எறக்கிருவேன். வாடகைப் பேச்சே வேண்டாம்."

அருளப்பன் சரி என்று சொல்ல வாயெடுத்தார். இதில் சந்தேகமில்லை. அதற்குள் செபாஸ்டின் அவர் தோளைத் தட்டினான்.

"ஏறுங்க மாப்ளே. வாடகைக் காரு ஒங்களுக்குப் புதுசா என்ன? இந்தத் தடவ நின்னா நான் ஒருத்தனே தள்ளிருதேன்."

கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. அவன் சுபாவம் அது. ஆனால் அருளப்பனின் முகம் கதவு சாத்தியது போலாயிற்று.

"கித்தேரி, எறங்கு. வீட்டுக்குப் போவோம்."

அவள் இறங்கினாள். ஒரு கையில் கைத்தடி, மற்றக் கை மடங்கியபடியே இருந்தது. பேரிக்காய்க் கூடையை அண்ணன் முன்னால் காட்டி, "இதக் கொண்டுபோய் அக்காட்டக் குடு," என்றாள். "நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருந்தா நானே கொண்டு போயிருப்பேன்."

செபாஸ்டின் அன்றைக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்லவில்லை. பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனான்.

மறு வாரம் அருளப்பன் மதுரைக்குப் போனார். சுவாமிநாதன் இந்தத் தடவை நாற்காலி போடவில்லை. "டெலிவரி எடுக்க மாட்டேன்னு சொன்னவுக வரிசைல கடைசிக்குத்தாங்க போகணும். கம்பெனி ரூல்." பழைய டயரைப் பற்றிக் கேட்டதற்கு, சந்தன நிறக் கார் அன்றைக்கே வேறொருவருக்குப் போய்விட்டது, அவர் எந்தக் குறையும் சொல்லவில்லை என்றார். கார் ஓடியதற்கு எழுத்தில் சாட்சி ஒன்றுமில்லை. அருளப்பன் திரும்பி வந்து, கறுப்புக் கோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

ஐப்பசி மழையில் பெருமாள்மலைப் பக்கம் மண் சரிந்து அடைபட்ட வழி திறந்த நாளில் தந்தி வந்தது. அடைக்கலமேரி போய்விட்டாள். அருளப்பன் தந்தியைப் படித்தார். மடித்தார். குடைகூட எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். திரும்பி வந்தபோது காசிநாதனின் டாக்சியின் முன்சீட்டில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தார். கதவைத் தானே திறந்து பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"கெளம்பு கித்தேரி."

அவள் கட்டிலை விட்டு அசையவில்லை. "அவ கண்ணத் தெறந்து பாக்கப் போறதில்ல. இனி எந்த வண்டில போனா என்ன? நான் வரலைங்க."

ஜெபமாலைப் பையைப் பிரித்து, பச்சை வளையல் துண்டை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "டிக்கியத் தெறக்கதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியாம இருக்கட்டும்னு கைய மூடிக்கிட்டேன்."

அருளப்பன் துண்டைப் பார்த்தார். வெளியே காசிநாதன் எஞ்சினை நிறுத்தும் சத்தம் கேட்டது. அருளப்பன் நின்ற இடத்தில் நின்றார். கித்தேரியம்மாள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த வீட்டுக்கு அதன் பிறகு கார் எதுவும் வரவில்லை. கித்தேரியம்மாளும் மலையைவிட்டு இறங்கவில்லை.

எலுமிச்சம்பழத்தையும் குங்குமத்தையும் கண்டு, வேற்றுச் சாமிக்குப் படைத்த வண்டி என்று அருளப்பன் காரைத் திருப்பியனுப்பினார் என்று உபதேசியார் உபகாரம் கிளப்பிவிட்ட பேச்சு கொடைக்கானலில் இன்னும் இருக்கிறது. அது பொய். அந்தப் பழத்தைக் கால்படாத இடமாகப் பார்த்து மரத்தடியில் வைத்தவர் அருளப்பன்தான். கார் பழையது. அதனால் திருப்பினார்.