மாப்பிள்ளைக்குப் பல் இருக்கிறதா

சுஹைலின் கடைவாய்ப் பல்லில் பாதி, சொத்தையில் அடைத்த மருந்துதான். மீதியைக் காப்பாற்றித் தருவதாகப் பல் டாக்டர் ரேவதி சொல்லியிருந்தார், ஒரே நிபந்தனையோடு.

"பெருநாளன்னைக்கு இனிப்பே தொடாதீங்கன்னா கேக்கவா போறீங்க? ஒரு வேளை சாப்பிடுங்க, சாப்பாட்டோட. வீட்டுக்கு வீடு ஒரு கிண்ணம்னு நாள் பூரா பல்லை சர்க்கரையில ஊறவெச்சீங்கன்னா, அப்புறம் பிடுங்கத்தான் வரணும்."

சுஹைல் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறவன். எந்த வண்டியைப் பிரித்தாலும் பயப்படமாட்டான். குறடு வாய்க்குள் வரும் என்றதும் பயந்துவிட்டான்.

ஆனால் ரம்ஜான் அன்று ஷீர் குர்மா குடிக்காமல் ஒரு வீட்டையும் தாண்ட முடியாது. பாலில் சேமியா, பேரீச்சை, முந்திரி, கை கூசாமல் சர்க்கரை. அதை வேண்டாம் என்றால் அந்த வீட்டையே வேண்டாம் என்றதாகிவிடும்.

அவன் முடிவு செய்தான். கிடைத்த அனுமதி ஒரு கிண்ணம். அதை வேங்கிக்காலில் மஹ்பூபா மாமி வீட்டில்தான் குடிப்பது. மாமியின் மகள் சதஃபோடு நிச்சயம் ஆனபின் வரும் முதல் பெருநாள். போதாததற்கு மாமியின் கைப்பக்குவம் ஊரறிந்தது. நோன்பு மாதம் முழுக்க அந்தக் கிண்ணத்தை நினைத்தே ஓட்டினான்.

தொழுகை முடிந்து போன வீட்டிலெல்லாம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு "பல்லு வலி" என்றான். நண்பன் ஜீஷான் மட்டும் விடவில்லை.

"பல்லுலயாடா குடிக்கிற? அப்படியே தொண்டையில ஊத்திக்க."

"அடுத்த மாசம் கல்யாணம்டா. பொக்கை வாயோட போட்டோ எடுக்கவா?"

ஜீஷானின் அம்மா மெஹ்ஜபீனுக்கு மனசு கேட்கவில்லை. தங்கைக்குப் போன் செய்து, "பாவம், சுஹைலுக்குப் பல்லு வலியாம்" என்றாள். அங்கிருந்து செய்தி கிளம்பியது. வாய்க்கு வாய் அவனுக்கு ஒரு பல் குறைந்தது.

அவன் வேங்கிக்கால் போய்ச் சேர்ந்தபோது எல்லோர் முன்னாலும் பிரியாணி இருந்தது. அவன் முன்னால் குழைந்த கஞ்சி வந்தது. மாமனார் சாந்த் பாஷா அவன் வாயையே பார்த்தார்.

"மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் சிரிங்க."

"எதுக்கு மாமா?"

"சும்மாதான்."

சிரித்தான்.

"மேல் வரிசை இருக்கு," என்று சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னார். "கீழயும் காட்டுங்க."

"பல்செட்டா இருக்கும்பா, இழுத்துப் பாருங்க," என்றாள் கதவுக்குப் பின்னாலிருந்து சதஃப்.

சுஹைல் பதறினான். மானம் போவது பெரிதாகத் தெரியவில்லை, கிண்ணம் போய்க்கொண்டிருந்தது.

"மாமி, ஒரே ஒரு பல்லுதான் ரிப்பேரு. அதுவும் வாய்லதான் இருக்கு. எல்லார் வீட்லயும் வேணாம்னு சொன்னதே உங்க ஷீர் குர்மாவுக்காகத்தான்."

கஞ்சி மறைந்தது. பிரியாணி வந்தது. பின்னாலேயே கிண்ணம், விளிம்பு வரை. அவசரப்படாமல் குடித்தான். அடியில் தங்கிய முந்திரியை வழித்து, நல்ல பக்கமாக ஒதுக்கி மென்றான். நிமிர்ந்தால் மாமியின் கரண்டி காத்திருந்தது.

"இன்னொண்ணு."

"போதும் மாமி."

"நல்லா இல்லையா?"

"நல்லா இருக்கு. அதான் பயமா இருக்கு."

கிண்ணத்தைக் கையால் மூடிக்கொண்டான். மாமியின் முகம் சுருங்கியது. மாமியார் ஊற்றுவதைத் தடுத்த மாப்பிள்ளை அந்தத் தெருவில் அதுவரை கிடையாது. அவன் கையை எடுக்கவில்லை. மாமி என்றைக்காவது சமாதானமாகிவிடுவாள். பல் மறுபடி முளைக்காது.

சாந்த் பாஷா தன் கிண்ணத்தை நீட்டினார். "அதை இங்க ஊத்து."

"உங்களுக்கு சுகர்."

"எனக்கு சுகரு, அவருக்குப் பல்லு. அப்ப கரண்டியில இருக்கறதை என்ன பண்ணப் போற?"

கரண்டி தரையில் சொட்டத் தொடங்கியது. வேறு வழியில்லாமல் மஹ்பூபா ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். விடிந்ததிலிருந்து ஊருக்கே ஊற்றியவள் அப்போதுதான் வாயில் வைத்தாள். ஒரு வாய் குடித்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"சர்க்கரை ஜாஸ்தி," என்றாள்.