கப்பர்நாகும் கூரையை மேய்ந்தது யார்

கண்டியில் மூன்று மாத வகுப்பு முடித்துவிட்டு எல்கடுவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிய உபதேசியார் சவரிமுத்து பழைய ஆளாக இல்லை. முன்பெல்லாம் நற்செய்தியை வாசித்துவிட்டு நேரே ஜெபமாலைக்குப் போய்விடுவார். இப்போது அந்தக் காலத்தில் வலை எப்படிப் பின்னினார்கள், வரி யார் வசூலித்தார்கள் என்று எல்லாவற்றையும் விளக்கினார். "பின்னணி தெரியாம வாசிச்சா பாதிதான் புரியும்" என்பார்.

எண்பத்து நாலாம் ஆண்டு அது. தமிழருக்கு எதிரான கலவரம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகாததால், ஐந்து பேர் கூடினாலே தோட்டத்து ஆபீசில் காரணம் கேட்டார்கள். ஆகவே ஞாயிறு பகலில், கதவைத் திறந்து வைத்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் வாரம் ஒரு காம்பராவில் வகுப்பு நடந்தது.

அந்த வாரம் பாப்பம்மாவின் காம்பரா. பாப்பம்மா மாரியம்மனைக் கும்பிடுகிறவள். மருமகள் ஞானஸ்நானம் வாங்கிய வேதக்காரி என்பதால் இடம் கொடுத்திருந்தாள்.

கப்பர்நாகும் ஊரில் நடக்க முடியாத ஒருவனை நாலு பேர் கட்டிலோடு தூக்கிவந்து, கூட்டத்தில் நுழைய வழியில்லாமல், கூரையைப் பிரித்து இயேசுவுக்கு முன்னால் இறக்கிய கதைதான் பாடம். சவரிமுத்து ஆறு பக்கம் எழுதி வந்திருந்தார். ஒரே அறை, ஒரே கதவு, அதிலேயே சமையல், அதிலேயே படுக்கை என்று அவர் விவரிக்க விவரிக்க, வந்தவர்கள் அந்தப் பத்தடிக் காம்பராவை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு புதிதாக ஏதாவது வருமா என்று காத்திருந்தார்கள்.

"அது யாரு வீடுங்க?" என்று பாப்பம்மா கேட்டாள்.

"சீமோனோட வீடா இருக்கும்னு படிச்சவங்க சொல்றாங்க. மாமியாரும் அங்கதான் இருந்தாங்க."

"கூரைய பிரிக்கிறப்ப மாமியா ஒன்னும் சொல்லலிங்களா?"

சவரிமுத்து நோட்டைப் புரட்டினார். "எழுதல்ல."

"எழுதினது ஆம்பளைங்களா இருக்கும். சரி, அப்பறம் யாரு மேஞ்சு குடுத்தா?"

நோட்டில் அதுவும் இல்லை. கண்டியில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. "சுள்ளியும் மண்ணும் போட்ட கூரை. லேசா பிரிச்சு லேசா அடைச்சிரலாம்" என்று சமாளித்தார்.

"எங்க தகரம் அதவிட லேசுங்க. ஆபீசுல மூணு தடவ சொல்லியாச்சு."

பின்னணியை நேரிலேயே காட்டிவிடலாம் என்று சவரிமுத்துவுக்கு ஆசை வந்தது. லயத்தின் பின்புறம் மண்மேடு கூரை உயரத்துக்கு இருந்தது. அதில் ஏறித் தகரத்தில் கால் வைத்தார்.

"நாலு பேரும் இங்கதான் நின்னுருப்பாங்க" என்று மேலிருந்து குரல் வந்தது. பிறகு ஒரு கால் வந்தது. அதன் பின்னால் உபதேசியார் வந்தார்.

கோதுமை மா மூட்டை மேல் விழுந்ததால் உயிருக்குச் சேதமில்லை. கணுக்கால் மட்டும் பிசகிவிட்டது. மா அப்பி வெள்ளை வெளேரென்று கிடந்தவரை நாலு பெண்கள் சாக்குக் கட்டிலில் வைத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். "அங்க எறக்கினாங்க, நாம தூக்குறோம்" என்று பாப்பம்மா மூச்சு வாங்கினாள்.

மறுநாள் ஆபீஸ் கிளாக்கர் விபத்து அறிக்கை எழுத உட்கார்ந்தார். தகரம் துருப்பிடித்திருந்தது என்று எழுதினால் கொழும்பிலிருந்து கேள்வி வரும். கூரைமேல் ஆள் ஏறினான் என்று எழுதினால், யாருக்குச் சைகை காட்டினான் என்று பொலிஸ் வரும்.

"அந்தாளு ஏன் ஏறினாரு?"

"யேசுசாமி காலத்துல கூரை எப்படி இருந்துச்சுன்னு காட்டத்தானுங்க" என்றாள் பாப்பம்மா.

கிளாக்கர் பேனாவை மூடினார். தோட்டத்தை நடத்தும் தொரையிடம் போய்ப் பேசினார். புதன்கிழமை எட்டுப் புதுத் தகரங்கள் வந்து இறங்கின. அறிக்கை எழுதப்படவே இல்லை.

அதன் பிறகு தினமும் யாராவது சவரிமுத்துவைத் தேடி வந்தார்கள். அதுவரை வகுப்புப் பக்கமே தலைகாட்டாத இருளாண்டிகூட வந்தான். "அடுத்த வாரம் நம்ம காம்பராவுல வைங்கய்யா. பின்பக்கத் தகரம் நல்லா துருப்பிடிச்சிருக்கு."

சவரிமுத்து அடுத்த வகுப்பைத் தேயிலை மலை அடிவாரத்தில் வைத்தார். விதைக்கிறவன் உவமைக்கு வெளிதான் சரியான இடம் என்று காரணம் சொன்னார். இருளாண்டி வரவில்லை. பாப்பம்மா முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள்.

"வழியிலயும் பாறையிலயும் வெதைய எறைச்சானே, கங்காணி அப்ப எங்க போயிருந்தாருங்க?"

சவரிமுத்து நோட்டை மூடிவிட்டு, அவளையே சொல்லச் சொன்னார்.