நோயாளி நான்தான்

துணி வெட்டிக்கொண்டிருந்தபோதே கத்தரிக்கோல் நழுவியது. எடுக்கப் போனால், வலது கை யார் வீட்டுக் கையோ என்பதுபோலத் தொங்கியது. தையல்காரிக்கு வயது முப்பத்து நான்கு.

"நரம்பு புடிச்சிருக்கும், உதறி விடு," என்றார் கடைக்காரர். பதில் சொல்ல வாயெடுத்தாள், பேச்சு குழறியது. நல்லவேளை, சட்டைக்குப் பொத்தான் வைக்க அவள் அப்பா வந்திருந்தார். மகளின் வாய் கோணியதைப் பார்த்தவர், அடுத்த நிமிஷமே வண்டி பிடித்தார்.

ஆஸ்பத்திரி வாசலில்தான் கூத்து. சக்கர நாற்காலியோடு வந்த ஊழியர், அப்பாவின் தோளை அமுக்கி உட்காரவைத்தார்.

"எனக்கில்லப்பா, என் பொண்ணுக்கு!"

"பதறாதீங்க பெரியவரே. கூட வந்தவங்க ஓரமா நில்லுங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'நோயாளி நான்தான்' என்று கத்தப் பார்த்தாள். "நோ... நோ..." என்றுதான் வந்தது. அதற்குள் நர்ஸ் அப்பாவின் கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றி, "நூத்தெழுபது! நெனச்சேன்," என்றார். இடது கையால் அதைப் பிய்த்து எறிந்தாள். அப்போதுதான் நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் எல்லாரும் ஓடினார்கள்.

ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "பக்கவாதம். நேரத்துக்கு வந்துட்டீங்க, மூளையில அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போடறோம்," என்றார்.

மறுநாள் அப்பா டாக்டரைப் பிடித்துக்கொண்டார். "பிரஷர், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எனக்குல்ல இருக்கு டாக்டர்?"

"உங்க வயசுல பெரும்பாலும் அதுங்கதான் காரணம். சின்ன வயசுன்னா வேற சிலதையும் சேர்த்துத் தேடணும்." அவள் பக்கம் திரும்பினார். "அடிக்கடி தலைவலி வருமா? அதுக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம் நெளிநெளியா ஓடுமா?"

தலையாட்டினாள்.

"கருத்தடை மாத்திரை?"

மாதவிடாய் வலிக்காக எட்டு வருஷமாக விழுங்குகிறாள். அதற்கும் தலையாட்டினாள்.

"சிகரெட்?"

அப்பாவைப் பார்க்காமல் தலையாட்டினாள்.

"இதுதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா மூணும் சேர்ந்தா ஆபத்து ஜாஸ்தி. யாரும் சொல்லலையா?"

எரிச்சலில் அழுகையே வந்தது. தலைவலிக்கென்று மூன்று டாக்டர்களிடம் போயிருந்தாள். ஒருவர் கண்ணாடி மாற்றச் சொன்னார், ஒருவர் தூங்கச் சொன்னார், ஒருவர் கல்யாணம் பண்ணச் சொன்னார். என்ன மாத்திரை போடுகிறாய் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

சிகரெட்டுக்காக அப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். மூன்றாம் நாள் அவரே வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிவிட்டார்.

மாத்திரையும் சிகரெட்டும் போயின. நான்காம் மாதம் வேலைக்குத் திரும்பினாள். வெட்டு இன்னும் கொஞ்சம் பிசகுகிறது. "இந்த வயசுலயா பக்கவாதம்?" என்று யாராவது இழுத்தால் மட்டும் பேச்சு தடங்கலில்லாமல் வருகிறது.

"ஆமா, இந்த வயசுலதான்! நீங்க என்ன மாத்திரை போடறீங்க, முதல்ல அதைச் சொல்லுங்க."